துவாய் உயர்ந்தால் பாட்டு மாறும்

லவுட்ஸ்பீக்கர்காரன் எண்டாப் பாட்டுப் போடுறவன் எண்டுதான் ஆக்கள் நினைக்கினம்; ஆனா கோயில் திருவிழாவில என்ர உண்மையான வேலை, வந்த சனத்தைக் கை கால் முறியாமல் பத்திரமா வீட்டை அனுப்புறதுதான். கூட்டத்துக்குள்ள நசிபட்டு, ஒரு கால் செருப்போட வீடு திரும்பின அனுபவம் உங்கள் எல்லாருக்கும் இருக்கும். மைக்கில நிண்டு கத்துற என்னை மாதிரி ஒருத்தனைத் திட்டியும் இருப்பியள். திட்டினதுக்கு நான் கோவிக்கேல்லை. ஆனா கத்தினவன்ர கதையையும் ஒருக்காக் கேளுங்கோ.

மன்னார்த் தீவில எங்கட ஊர் மாதா கோயில் திருவிழாதான் எனக்கு வருசத்தின்ர பெரிய வேலை. ஒன்பது நாள் நவநாள், பத்தாம் நாள் பெரிய பூசை, மாதாவின்ர சொரூபம் ஊர்வலமாச் சுத்தி வரும். மைக் என்ர கையில. ஜெனரேற்றரும் வயரும் குழாய்களும் எருக்கலம்பிட்டிச் சரிபுவின்ர பொறுப்பு. சரிபு என்னோட ஒரே வகுப்பில படிச்சவன், தொழிலில சரிபாதிக் கூட்டாளி. தொழுகை நேரம் தவறவிடமாட்டான். எங்கட மாதா பாட்டு முழுக்கவும் அவனுக்குப் பாடம்.

கேற்றும் கழுதையும்

கோயில் வளவின்ர இரும்புக் கேற் உள்ளுக்குத்தான் திறக்கும். ஒரு வருசம் பூசை முடியிற நேரம் ஆரோ அதைச் சாத்திப் போட்டினம். வெளியில போற சனம் வந்து கேற்றில முட்டினது. திறக்கிறதெண்டாப் பின்னுக்கு இழுக்க வேணும். இழுக்க ஒரு சாண் இடமில்லை. முன்னுக்கு நிண்ட ஒரு பொம்பிளை கம்பியோட ஒட்டி, மூச்சு விடேலாமல் முழி பிதுங்க நிண்டதை நானும் சரிபுவும் கண்டம். பின்னால நிக்கிறவைக்கு முன்னால நடக்கிறது தெரியாது, அதுதான் கூட்டத்தின்ர பொல்லாத குணம். நாலு பேர் மதிலால ஏறிக் குதிச்சுப் பின்பக்கச் சனத்தை விலத்தினதால அண்டைக்கு ஒருதரும் சாகேல்லை.

அடுத்த வருசம் கொடியேத்தத்துக்கு முதல் நாள் சரிபு அலவாங்குக் கம்பியோட வந்து, ரெண்டு கதவையும் கிளப்பிக் கிணத்துக்குப் பின்னால கிடத்திப் போட்டான். கோயில் மூப்பர் துள்ளிக் குதிச்சார். வளவு திறந்து கிடந்தாக் கழுதையள் வந்திடும், கோயிலுக்கு என்ன மரியாதை எண்டு கேட்டார். அவர் சொன்ன மாதிரியே பெரிய பூசையில மூண்டு கழுதை வந்து, பின்வரிசையில நிண்டு, ஒரு சத்தமும் போடாமல் முழுப் பிரசங்கமும் கேட்டிட்டுப் போச்சுதுகள். ஆனா பூசை முடிய சனம் இடிபடாமல், நசிபடாமல் வெளியில போனது. மூப்பர் வாசலில நிண்டு கடைசி ஆள் போகுமட்டும் பாத்திட்டு எங்களிட்டை வந்தார். "கழுதை பூசை கண்டாக் காணட்டும். வாற வருசமும் கேற்றைக் கழட்டுங்கோ."

இல்லாத மோர்

எங்கட தொழில் முறை இதுதான். என்ர மைக் கொட்டில் பதிஞ்ச நிலத்தில இருக்கு. அதுக்குள்ள இருந்தா முன்னுக்கு நிக்கிற ஆளின்ர முதுகு மட்டும்தான் தெரியும். சரிபு மணிக்கோபுரத்தில ஏறி நிப்பான். மேல இருந்து பாக்கேக்கை தலையளுக்கு நடுவில மண் தெரிஞ்சாப் பயமில்லை. மண் தெரியாட்டித் தோளில கிடக்கிற வெள்ளைத் துவாயை உயத்துவான். வலக்கையால உயத்தினாக் கேற்றடி, இடக்கையால உயத்தினாச் சொரூபத்தடி. துவாயைக் கண்டவுடன நான் வேகமான பாட்டை மெல்ல மெல்லக் குறைச்சு, ஆறுதலான பாட்டுக்கு மாத்துவன். சனத்தின்ர கால் பாட்டோடதான் நடக்கும், வேணுமெண்டாப் பாருங்கோ. என்ர வாய்க்கு அவன்தான் கண். அவன் இல்லாட்டி நான் குருடன்.

இன்னொண்டும் இருக்கு. நெரியாதேங்கோ எண்டு மைக்கில சொன்னா அவ்வளவுதான். எங்கையோ நெரியுதாம் எண்டு எல்லாரும் எட்டிப் பாக்க வெளிக்கிட்டு இன்னும் கூட நெரியும். அதால வேற இடத்துக்கு ஆசை காட்டிக் கூப்பிட வேணும். கிணத்தடியில மோர் குடுக்கினம் எண்டு நான் அறிவிப்பன். மோரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனாக் கால்வாசிச் சனம் அங்கால திரும்பும், கேற்றடியில மூச்சு விட இடம் வரும். பெருநிலப் பக்கத்தில இருந்து ஒரு வயல்கார அம்மா, நெத்தியில திருநீறோட, வருசா வருசம் எங்கட மாதாவிட்டை வாறவ. ஒருநாள் கொட்டில் வாசலில வந்து நிண்டா. "தம்பி, மூண்டு வருசமா உங்கட மோரைத் தேடித்தான் கிணத்தடிக்கு வாறன். ஒருக்கா எண்டாலும் ஊத்துங்கோவன்."

கை மாறின கந்தூரி

அந்த அம்மாவின்ர சொல்லு சரிபுவைச் சுட்டுப் போட்டுது. அடுத்த வருசம் அவன்ர வீட்டில இருந்து ஒரு கிடாரம் சர்பத் வண்டிலில வந்து கிணத்தடியில இறங்கினது. பிறகு ஒவ்வொரு வருசமும் வந்தது. அண்டையில இருந்து என்ர அறிவிப்புப் பொய்யில்லை.

அதுக்குப் பதிலா அவன்ர ஊர்ப் பள்ளிவாசல் கந்தூரிக்கு நான் போவன். அங்க அவன் மைக்கில, நான் தண்ணித் தாங்கிக்கு மேல. நேர்ச்சைச் சோறு குடுக்கிற இடத்திலதான் நெரிசல். முதல் முறை போனண்டு நான் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன், அதால வலம் இடமாப் போச்சு. சரிபு என்ர கையை நம்பிச் சனத்தைக் கூப்பிட, பாதிச் சனம் சோத்துச் சட்டியை விட்டிட்டு கடற்கரை மீன்வாடிப் பக்கம் போய் நிண்டது. சரிபுவின்ர வாப்பா கீழ நிண்டு என்னை நிமிந்து பாத்தார். "மகன் சவிரி, நீ சோத்துக்கு வழி காட்டுறியா, கடலுக்கு வழி காட்டுறியா?"

ஹெலியும் என்ர குரலும்

பிறகு ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டை எங்கட பக்கமும் முத்தினது. ஒரு பெரிய பூசையண்டு, சொரூபம் சுத்தி வரேக்கை, ஆமின்ர ஹெலிகொப்டர் ஒண்டு கடல் பக்கத்தால வந்து கோயிலுக்கு மேல பதிஞ்சு சுத்தத் தொடங்கினது. சனம் நிமிந்து பாக்குது, கால் எல்லாம் ஓடத் தயார். அது சுடுதோ இல்லையோ, சனம் ஓடினாக் குழந்தை குட்டியள் காலடியில போகும். நான் கோபுரத்தைப் பாத்தன். சரிபு இறங்கேல்லை. ஹெலிக் காத்தில அவன்ர இடுப்புச் சாரம் படபடவெண்டு அடிக்குது, துவாயைக் கமக்கட்டுக்குள்ள இறுக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறான். துவாய் உயரேல்லை எண்டாச் சனம் இன்னும் நிதானத்திலதான் நிக்குது, பாட்டு ஓட வேணும் எண்டு அர்த்தம்.

அந்த நேரம் பாத்துக் கசெற் முடிஞ்சுது. மாத்துவம் எண்டு எட்டி எடுக்க, மற்றக் கசெற் மேசைக்குக் கீழ விழுந்து போச்சு. சத்தம் நிண்டாச் சனம் ஓடும். வேற வழியில்லாமல் நானே மைக்கில பாடினன். என்ர பாட்டுக்கு என்ர மனிசி வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்துறவ. முன்னுக்கு நிண்ட நாலு பேர் சிரிச்சினம், பேந்து முழுச் சனமும் சேர்ந்து பாடினது. ஹெலி ரெண்டு சுத்துச் சுத்திப் போட்டுப் போயிட்டுது. சரிபு கோபுரத்தால இறங்கி நேர என்ர கொட்டிலுக்கு வந்தான். "மச்சான், அவன் தானாப் போகேல்லை. உன்ர பாட்டுத் தாங்கேலாமல் ஓடினவன்."

கரை

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில, துவக்கு வைச்சிருந்த எங்கட ஆக்கள், இயக்கக்காரர்தான், தீவில இருந்த முஸ்லிம் சனம் முழுக்க வெளிக்கிட வேணும் எண்டு சொல்லிப் போட்டினம். எங்கட ஆக்கள் எண்டு சொல்ல எனக்கு இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு. சரிபு பின்னேரம் ஜெனரேற்றரை வண்டிலில கொண்டு வந்து என்ர வீட்டு முத்தத்தில இறக்கினான். எண்ணெய் மாத்த மறந்திடாதை எண்டான்.

அடுத்த நாள் நான் கரைக்குப் போனன். கற்பிட்டிப் பக்கம் போற வள்ளங்களுக்கு எருக்கலம்பிட்டிச் சனம் முழுக்க மண்ணில காத்து நிண்டது. தொழில் பாத்த கண் சும்மா இருக்குமே. இவ்வளவு சனத்துக்கு இவ்வளவு சின்ன வள்ளம், கட்டாயம் இடிபடும், ஆராவது தண்ணிக்குள்ள விழுவினம் எண்டு அந்தரப்பட்டன். ஒருதரும் இடிபடேல்லை. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு, ஒரு உடுப்புப் பையோட, ஒராளுக்குப் பின்னால ஒராள் வள்ளத்தில ஏறினவை. போக ஆசை இருந்தாத்தானே இடிப்பினம். சரிபு வாப்பாவைத் தூக்கி வள்ளத்தில இருத்திப் போட்டு என்னைத் திரும்பிப் பாத்தான். "பாத்தியா சவிரி, மைக்கும் இல்லை, துவாயும் இல்லை, சனம் எவ்வளவு ஒழுங்காப் போகுது எண்டு."

ஒன்பது நாளும் துலையிற ஆள்

அதுக்குப் பிறகு வந்ததுகளை நான் திருவிழா எண்டு சொல்லமாட்டன். தீவை ஆமி பிடிச்சது, கனபேர் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிட்டினம். பெருநிலத்துச் சனத்துக்குத் தீவுக்குள்ள வர ஆமின்ர பாஸ் கிடைக்காது. கேற்றைக் கழட்டக் கூடாது எண்டு ஆமி சொன்னது. ஒற்றைக் கதவைத் திறந்து ஒவ்வொராளாச் சோதிச்சு உள்ளுக்கு விட்டவை. வளவில எங்க பாத்தாலும் மண்தான் தெரிஞ்சுது. தள்ளி நில்லுங்கோ எண்டு வாழ்நாள் முழுக்கக் கத்தின நான், ஆரும் வந்து என்னை ஒருக்கா இடிச்சுப் போட்டுப் போகாயினமோ எண்டு ஏங்கினன். கோபுரத்தைப் பாக்கக் கூடாதெண்டு கதிரையைத் திருப்பிப் போட்டன். கழுத்துத் தானாத் திரும்பினது.

துலைஞ்ச பிள்ளையளின்ர பேரை வாசிக்கிறதும் என்ர வேலைதான். ஒரு நவநாள் பின்னேரம், துலைஞ்ச பிள்ளையும் இல்லை, கையில பேர் எழுதின துண்டும் இல்லை, என்ர வாய் தானாச் சொல்லிப் போட்டுது: எருக்கலம்பிட்டிச் சரிபு எங்க நிண்டாலும் உடன ஒலிபெருக்கிக் கொட்டிலுக்கு வரவும். சொன்னாப் பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது. அதால அடுத்த நாளும் சொன்னன், அடுத்த வருசமும் சொன்னன். மூப்பருக்கும் அவனைக் காணாத ஏக்கம்தான், அதால என்னைத் தடுக்கேல்லை. கேற்றடியில நிண்ட சிங்கள ஆமிக்காரப் பெடியன்தான், தெரிஞ்ச தமிழில, உண்மையான கவலையோட ஒருநாள் வந்து சொன்னான். "ஐயா, அந்தச் சரிபு ஆள் ஒன்பது நாளும் தொலையிறது. கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிப் போங்க."

கேற்றை மறந்த வருசம்

கடைசியில சண்டை கொஞ்சம் ஓய்ஞ்சு பாதை திறந்தது. அந்த வருசத் திருவிழாவுக்கு வந்த சனத்தை நான் எப்பிடிச் சொல்ல. வவுனியா, யாழ்ப்பாணம், புத்தளம் எண்டு பஸ் பஸ்ஸா வந்து இறங்கினது. ஆமி கேற்றடியை விட்டு ரோட்டுக்கு அங்கால போயிட்டுது. ஆரோ ஓடி வந்து என்ர கொட்டில் கம்பில மோத, மைக் சரிஞ்சு விழுந்தது. எனக்குச் சந்தோசத்தில அழுகை வந்திட்டுது. பன்னிரண்டு வருசமாக் காத்திருந்த இடி. இருக்கிறதிலேயே வேகமான பாட்டாப் பாத்துப் போட்டுச் சத்தத்தையும் கூட்டினன்.

அந்தச் சந்தோசத்தில கேற்றைக் கழட்ட மறந்து போனன். ஒற்றைக் கதவுதான் திறந்து கிடந்தது. மற்றது துருப்பிடிச்சு நிண்டது. இதுக்கு நீங்கள் என்னைத் திட்டலாம், நான் வாய் திறக்கமாட்டன்.

பூசை முடிஞ்சு சனம் வெளிக்கிட்டுது. நான் பாட்டில கிடக்கிறன். பழக்கத்தில கழுத்துக் கோபுரத்துப் பக்கம் திரும்பினது. கோபுரத்தில ஒருதரும் இல்லை. ஆனா மதிலுக்கு அங்கால, ரோட்டில நிண்ட ஒரு வானின்ர கூரையில, நரைச்ச தாடியோட ஒரு ஆள் வெள்ளைத் துவாயை உயத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். வலக்கை. கேற்றடி. யோசிக்க நேரமில்லை. என்ர கை தானாப் பாட்டைக் குறைச்சு ஆறுதல் பாட்டுக்கு மாத்தினது. கிணத்தடியில சர்பத் குடுக்கினம், எல்லாரும் கிணத்தடிக்கு வாங்கோ எண்டு வாய் தானாச் சொன்னது. அண்டைக்குச் சர்பத் இல்லை. ஆனாப் பழைய ஆக்களுக்கு அந்தச் சர்பத் ஞாபகம் இருந்தது. அவை திரும்ப மற்றச் சனமும் திரும்பினது. கேற்றடியில கொஞ்சம் இடம் விட்டவுடன பெடியள் அலவாங்கோட பாய்ஞ்சு துருப்பிடிச்ச கதவைக் கிளப்பிப் போட்டாங்கள். கம்பியோட நசிபட்டு நிண்ட ஒரு தாய் கைப்பிள்ளையோட வெளியில வந்தா. பிள்ளை வீரிட்டு அழுதது. அதைக் கேட்டாப் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

சரிபு வானால இறங்க ரெண்டு பேர் பிடிக்க வேண்டி இருந்தது. கொட்டிலுக்கு வந்து, கதிரையில இருந்து, கேற்றைக் கழட்டாததுக்கு என்னைக் காது கூசப் பேசினான். பேசட்டும் எண்டு கேட்டுக்கொண்டிருந்தன், எத்தினை வருசத்துப் பேச்சு. காலமை தன்ர வீட்டைப் போய்ப் பாத்தவனாம். கூரை இல்லை, அறைக்குள்ள உடைமரம் முளைச்சு நிக்குது எண்டான். பிள்ளையள் புத்தளத்தில படிக்குதுகள், மூத்தவளை அங்கயே கட்டிக் குடுத்திட்டான். இனி இஞ்சயே இருந்திடடா எண்டு கேட்டன். அவன் மறுமொழி சொல்ல முதல் வான்காரன் ஹோன் அடிச்சான். சரிபு எழும்பித் துவாயை என்ர தோளில போட்டான். பேந்து யோசிச்சு, திரும்ப எடுத்துத் தன்ர தோளிலயே போட்டுக்கொண்டான். "நீ என்ர பேரைக் கூப்பிடுறதை இஞ்ச வந்து போற ஆக்கள் எனக்குச் சொன்னவை, மச்சான். வாற வருசமும் கூப்பிடு. நான் வராட்டியும் நிப்பாட்டிப் போடாதை."

சனத்தைப் பத்திரமா வீட்டை அனுப்புறதுதான் என்ர வேலை எண்டு தொடங்கேக்கையே பெரிசாச் சொன்னன். அந்த வேலையில எனக்குப் பக்கத்தில நிண்ட ஆள்தான் இன்னும் தன்ர வீட்டை போய்ச் சேரேல்லை.