இரண்டாவது ஹார்ட் டிஸ்க்

குமணன்சாவடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் கூடுதலாக மாட்டிய பழைய ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை. இறந்துபோன என் மனைவியின் படங்கள் அதில்தான் இருந்தன. வேறொரு கடையில் ஃபார்மட் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"ஃபார்மட் பண்ணா எல்லாம் பூடும் சார். டிஸ்க்கு நல்லாத்தான் கீது. எந்த ஃபோல்டர்ல காட்டணும்னு சிஸ்டத்துக்கு யாரும் சொல்லல, அவ்ளோதான்" என்றார்.

ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுப் படித்த பிறகே என்டரைத் தட்டினார். காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, டிஸ்க்கை அதில் மவுண்ட் செய்து இணைத்தார். படங்கள் வரிசையாக வந்து நின்றன.

"ஒண்ணு திறந்து பாருங்களேன்" என்றேன்.

"நீங்க பாருங்க சார்" என்று நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பிவர அரை மணி நேரமானது. ஒரு டீக்கு அவ்வளவு நேரமா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.