எண்ணெய்த் தலையும் பொம்மைக் கரண்டும்

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் என் கணவர் ஒரே பேச்சில் சரி சொன்னதில்லை. மழை வருகிறது, குடையை எடுங்கள் என்றால்கூட, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அது மழைதானா என்று சோதித்துவிட்டு, குடை இல்லாமல் போய் நனைந்து வருவார். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து, மூளையில் பேச்சு இருக்கிற இடம் அடிவாங்கிய பிறகு வாயில் மிஞ்சியது ஒரே வார்த்தை. அதுவும் எது தெரியுமா? சரி.

பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. தலையை ஆட்டியாவது சொல்லுங்கள் என்றால், நம் ஆட்களின் தலையாட்டல்தான் தெரியுமே, அதில் ஆமாம் எது, இல்லை எது என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய எனக்கே பிடிபடவில்லை. மற்ற வார்த்தைகள் உள்ளே இருக்கின்றன, வெளியே வரத்தான் வழி தெரியவில்லை என்றார் டாக்டர். அது உண்மைதான். ஒவ்வொரு சரிக்கும் பிறகு அவர் தன் தொடையில் தானே அடித்துக்கொள்வார்.

இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவதே ஆபத்தாகிவிட்டது. கொழுப்பையும் சேர்த்து வெட்டட்டுமா என்பார் ஆட்டிறைச்சிக் கடைக்காரர். சரி. ஈரல் போடவா? சரி. டாக்டர் தொடவே கூடாது என்றதையெல்லாம் பை நிறையத் தூக்கிக்கொண்டு வருவோம். வெட்டிய பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வெட்கம்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். வீட்டு விஷயம் அப்படியில்லை. எங்கள் மகன் தீவின் வடகோடியில், மார்சிலிங்கில் இருக்கிறான். நல்ல பிள்ளை, அதுதான் தொல்லை. இந்தக் குவீன்ஸ்டவுன் வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள், நீங்க ஒருத்தரா அப்பாவை எப்படிம்மா தூக்கி இறக்குவீங்க என்றான். நியாயந்தான். அவரையும் கேட்டான். "பாருங்கம்மா, அப்பாவே சரின்னுட்டாரு. ஏஜென்ட்டை வரச் சொல்லவா?"

எங்கள் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்க்காமல் காலைக் காப்பி குடிக்காத மனுஷன் இவர். மனசார சரி சொல்லியிருந்தால் நானும் மறுபேச்சு பேசாமல் மூட்டை கட்டியிருப்பேன். வேணாம் என்று சொல்லவே முடியாத வாயிலிருந்து வருகிற சரியை எதில் சேர்ப்பது? கொஞ்சம் பொறுடா என்றேன்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். ஈரப் பஞ்சு வைத்த இரண்டு பட்டைகளைத் தலையில் கட்டி லேசாக மின்சாரம் விடுவார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை. கரண்ட் ஓடும்போதே படங்களைக் காட்டிப் பேச்சுப் பயிற்சி. உங்களுக்குச் சம்மதமா என்று மரியாதைக்கு அவரையும் கேட்டார்கள். சரி என்றார். அது செல்லாது என்று டாக்டருக்கே தெரியும், என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னார்கள். பாதிப் பேருக்கு நிஜக் கரண்ட், மீதிப் பேருக்குப் பொம்மைக் கரண்ட். பொம்மை என்றால், தலையில் லேசாக அரிக்கிற வரைக்கும் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, பட்டை கட்டுகிறவருக்கும் தெரியாது. நல்ல கூத்து. ஆட்டிறைச்சிக் கடையிலாவது என்ன வெட்டுகிறார் என்று கண்ணால் பார்க்கலாம்.

பட்டை கட்டியது நம் தமிழ்ப் பெண். முதல் நாள் கட்டினாள், மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. கழற்றி மறுபடி கட்டினாள், அப்போதும் முரண்டு பிடித்தது. கடைசியில் குனிந்து அவர் தலையை மோந்து பார்த்தாள். "ஆன்ட்டி, அங்கிள் தலையில ஆயில் போட்டீங்களா? ஆயில் இருந்தா கரண்ட் சரியா போகாது லா."

நான் எங்கே போட்டேன்? பிடோக்கிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக வந்து இறங்கிய அவருடைய அக்கா போட்டார். தம்பி தலைக்குள் கரண்ட் விடப்போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மண்டை சூடாகிவிடுமாம். குளிர வைக்கிறேன் என்று நல்லெண்ணெயை உச்சியில் ஊற்றித் தேய்த்துவிட்டார். வைக்கட்டுமா தம்பி என்று கேட்டுத்தான் வைத்தாராம். இவர் சரி என்றாராம்.

"அண்ணி, எண்ணெய் இருந்தா கரண்ட் போகாதாம்" என்று பக்குவமாகச் சொன்னேன்.

"அதுக்குத்தானே வைக்கிறேன்" என்றார்.

மூத்த நாத்தனாரை வாசலிலேயே நிறுத்த முடியுமா? அவர் தேய்ப்பார். நான் இவரைக் குளியலறையில் உட்கார வைத்து, குழாயைத் திறந்துவிட்டு, அண்ணிக்குத் தெரியாமல் ஷாம்பு போட்டு அலசுவேன். எண்ணெய்க்கும் சரி, ஷாம்புக்கும் சரி.

பயிற்சியில் குடைப் படத்தைக் காட்டி, இது என்ன அங்கிள் என்பாள் அந்தப் பெண். இவருக்கு நெற்றி வியர்க்கும், உதடு குவியும், கடைசியில் வருவது சரி. வீடு திரும்பும்போது ரயிலில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

பயிற்சி முடியப்போகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் ஏஜென்ட்டைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டான். சும்மா பார்க்கத்தான்மா என்றான். ஏஜென்ட் கூடத்தை அளந்துகொண்டிருந்தார். அண்ணி வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து தம்பியின் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோனார். இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு குவிந்தது, துடித்தது. "வே" என்றார்.

"வே... ணாம்."

அண்ணி கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகன் அப்பாவின் முன்னால் மண்டியிட்டான். "அப்பா, வீடு? விக்கலாமா?"

இவர் ஜன்னலைப் பார்த்தார். "வேணாம்."

ஏஜென்ட் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

நிஜக் கரண்டா, பொம்மையா என்று இன்னும் சொல்லவில்லை. எல்லாருக்கும் முடித்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்களாம். பயிற்சியால் வந்திருக்கலாம், தானாகவும் வந்திருக்கலாம் ஆன்ட்டி என்கிறாள் அந்தப் பெண். ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்குத்தான் இத்தனை சந்தேகம். அண்ணிக்கு ஒரு சந்தேகமும் இல்லை, எல்லாம் நல்லெண்ணெய் செய்த வேலை என்று பிடோக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

வார்த்தை கிடைத்ததுதான் தாமதம், இவருக்குத் தலைகால் புரியவில்லை. இட்லி வேணாம், மாத்திரை வேணாம். ஈரலும் வேணாம், அதில் கடைக்காரருக்குத்தான் வருத்தம். ஆராய்ச்சியின் அடுத்த கட்டத்துக்கு வருகிறீர்களா என்று டாக்டர் ஆசையாகக் கேட்டார். அதுவும் வேணாம். என் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்.

போன வாரம் ரசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்து வேணாம் என்றபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதுவும் வேணாம், அதுவும் வேணாம். நான் மட்டும் எதுக்கு? இருக்கட்டுமா, இல்ல மகன் வீட்டுக்குப் போகட்டுமா?" என்று கத்திவிட்டேன். பாவம், இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டால் அவருக்குக் குழம்பிப்போகும். மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"போகட்டுமா?"

"வேணாம்."

"அப்ப இங்கேயே இருக்கட்டுமா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை. தொடையில் அடித்துக்கொள்ளவும் இல்லை.

"சரி" என்றார்.