அடியில்லாத அகப்பை

இது நடந்தது. "வெயில் மண்டையில் ஏறியிருக்கும்" என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். என் நாத்தனார் சொன்னாள். டாக்டர் சொன்னார். கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்த என் கணவர் மசாவோமியே ஒரு வருடம் முழுக்கச் சொன்னார். கேட்டுக் கேட்டுப் பயம் போய், கோபம்தான் மிச்சம்.

அன்று ஆகஸ்ட் பதினாறு. ஓபோன் முடியும் நாள். வீட்டுக்கு வந்திருந்த முன்னோர்களை விளக்கேற்றி வழியனுப்பும் நாள். அவர்கள் கடல்வழியே திரும்பிப் போகும்போது உயிரோடிருப்பவர்கள் தண்ணீரில் இறங்குவதில்லை. அன்றைக்குப் பார்த்து நாங்கள் தீவுக்குக் கிளம்பினோம்.

காரணம் மசாவோமிதான். ஜூலையிலேயே போயிருக்க வேண்டும். ஆறு வயது மகள் நஸுனா காலண்டரில் மீன் வரைந்து வைத்துக் காத்திருந்தாள். அந்த லீவை அலுவலகத்தில் யாரோ கேட்டார் என்று தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். ஊரில் யார் எதைக் கேட்டாலும் அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. எங்களிடம் மட்டும் சரளமாக வரும்.

"காலை மட்டும் நனைச்சிட்டு வந்துடலாம், ஷியோரி. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத."

கொசாகித் தீவுக்கு இருபது நிமிடப் படகுப் பயணம். அன்று வேறு படகுகள் ஓடவில்லை. உராபே என்ற கிழவருடைய சின்னப் படகு மட்டும் நின்றது. பயணிகள் நாங்கள் மூவர்தான்.

படகின் பின்பக்கம் நீண்ட கைப்பிடி வைத்த மர அகப்பை ஒன்று கயிற்றில் தொங்கியது. நஸுனா அதை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, ஓட்டை! உங்க மூக்கு தெரியுது!"

உராபே வெடுக்கென்று பிடுங்கினார். "அதைத் தொடாத பாப்பா. கடல்ல மூழ்கிப் போனவங்க கை நீட்டி அகப்பை கேப்பாங்க. நல்லதாக் குடுத்தா, அதாலயே மோந்து மோந்து படகுக்குள்ள ஊத்தி மூழ்கடிச்சிடுவாங்க. அடியில்லாததுன்னா என்ன பண்ண முடியும்? நானே தட்டி எடுத்தது. அடிப்பலகையைக் கடல்லயே போட்டுடணும்."

பிறகு மசாவோமியைப் பார்த்தார். "தம்பி, இன்னைக்கு யார் எதைக் கேட்டாலும் குடுத்துடாதீங்க."

"யார்கிட்ட சொல்றீங்க பெரியவரே?" என்றேன். "கேட்டா என்னையே குடுத்துடுவார்."

மசாவோமி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடற்கரை காலியாக இருந்தது. குளிர்பானக் கொட்டகைக்குப் பூட்டு. சோற்று உருண்டை சாப்பிட்டோம். பார்லி டீ குடித்தோம். நஸுனா தன் சிவப்பு வாளியில் மணல் அள்ளிக் கோபுரம் கட்டினாள். வாளியின் அடியில் அவள் பெயரை நான்தான் கறுப்பு மையால் எழுதியிருந்தேன். நர்சரிப் பள்ளிக்கு எதைக் கொடுத்தனுப்பினாலும் பெயர் எழுதியே பழகிய கை.

இரண்டரை மணி இருக்கும். ஒரு பெண் எங்கள் முன்னால் நின்றாள்.

அவள் வந்ததை நான் பார்க்கவில்லை. என் வயதுதான். நல்ல கவுன். கவுன் காய்ந்திருந்தது. தலைமுடியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளங்கள்... அப்போதுதான் வெடித்ததுபோல.

"அந்த வாளியைக் கொஞ்சம் குடுப்பீங்களா?"

"முடியாதுங்க. குழந்தை விளையாடுறா" என்றேன்.

"என் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

மசாவோமி எழுந்துவிட்டார். நஸுனாவின் கையிலிருந்த வாளியை வாங்கினார். மணலைக் கொட்டினார். "பாவம், அவங்க பொண்ணும் விளையாடணும்ல? எப்ப வேணும்னாலும் திருப்பிக் குடுங்க."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். இடுப்பு வளையக் குனிந்தாள். "மன்னிச்சிடுங்க" என்றாள். மறுபடி குனிந்தாள். "மன்னிச்சிடுங்க." மூன்றாவது முறையும்.

எங்கள் ஊரில் எதை வாங்கினாலும் மன்னிப்புக் கேட்டுத்தான் வாங்குவோம். அதனால் எங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை.

நஸுனா அழுதாள். எனக்கு எரிந்தது.

"பெத்த பொண்ணு கையிலிருந்து பிடுங்கித்தான் தர்மம் பண்ணணுமா?"

"ஒரு பிளாஸ்டிக் வாளி, ஷியோரி..."

"ஜூலையில ஒரு லீவு. இப்ப ஒரு வாளி. அடுத்தது என்ன?"

திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் இல்லை. மணலில் காலடிகள் இருந்தன. கடலிலிருந்து வந்த காலடிகள். திரும்பிப் போனவை ஒன்றுகூட இல்லை.

மூன்று நாற்பதுக்குப் படகு கிளம்பியது. காற்று இல்லை. கடல் தட்டையாகக் கிடந்தது.

பாதி வழியில் எஞ்சின் நின்றது.

உராபே எஞ்சின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அந்த அமைதியில்தான் முதலில் கேட்டது.

சளப்...

பக்கெட் தண்ணீரைத் தரையில் ஊற்றும் சத்தம். என் செருப்பு நனைந்தது.

சளப்...

"ஓட்டையா?" என்றார் மசாவோமி.

ஓட்டை இல்லை. தண்ணீர் மேலிருந்து விழுந்தது. யாரும் ஊற்றவில்லை. விழுந்தது.

சளப்... சளப்...

கணுக்கால் வரை வந்துவிட்டது. உராபே அடியில்லாத அகப்பையை அவிழ்த்துத் தண்ணீரில் எறிந்தார். அது மிதந்தது. யாரும் எடுக்கவில்லை.

அவர் முகம் வெளுத்தது. "நல்லதா ஒண்ணு குடுத்துட்டீங்களா? யார் குடுத்தது?"

மசாவோமி பிளாஸ்க்கைத் தேடி எடுத்தார்.

நான் டிபன் டப்பாவால் இறைத்தேன். மசாவோமி பிளாஸ்க் மூடியால் இறைத்தார். "வாளி எங்கய்யா?" என்று கத்தினேன். "தண்ணி இறைக்க ஒரு வாளிகூட வெக்காமலா படகு ஓட்டுற?"

"அகப்பைதான்... அது ஒண்ணுதான்..."

முழங்கால்.

நஸுனா ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

அப்போது அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

எங்கள் படகுக்குப் பக்கத்தில், இன்னொரு படகில் இருப்பவள்போல மண்டியிட்டிருந்தாள். படகு இல்லை. அவள் மட்டும். சிவப்பு வாளியால் மோந்தாள்... ஊற்றினாள். மோந்தாள்... ஊற்றினாள். எங்களை அவள் பார்க்கவே இல்லை.

அவள் பின்னால் ஒரு சிறுமி. ஆரஞ்சு மிதவைச் சட்டை.

அவள் எங்களை மூழ்கடிக்கவில்லை. தன் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் படகில் விழுந்தது.

எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஏய்! உன் பொண்ணு பொண்ணு... என் பொண்ணு பொண்ணு இல்லையா?"

கை நின்றது.

அவள் திரும்பினாள். நஸுனாவைப் பார்த்தாள். வெகுநேரம்.

பிறகு வாளியை எங்கள் படகுக்குள் மெதுவாக வைத்தாள். மிதந்துகொண்டிருந்த அடியில்லாத அகப்பையை எடுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க" என்றாள்.

அகப்பையால் இறைக்க ஆரம்பித்தாள். வெறும் மரம் மரத்தில் உரசும் சத்தம்.

சரக்... சரக்... சரக்...

சிறுமி "அம்மா" என்றாள்.

பிறகு எதுவும் இல்லை. எஞ்சின் தானாகப் பிடித்துக்கொண்டது.

துறைமுகத்தில் கணவாய் மீன் சுட்டு விற்கும் தொகியே என்ற பெண் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். துண்டு கொடுத்தாள். நஸுனாவைத் துவட்டிக்கொண்டே, உராபேக்குக் கேட்காமல் சொன்னாள்.

"ஒன்பது வருஷம் ஆச்சும்மா. இதே நாள். இவரோட பழைய படகு. ஒரு அம்மாவும் பொண்ணும். நடுக்கடல்ல ஓட்டை விழுந்துடுச்சு. தண்ணி இறைக்கச் சொல்லி அந்த அம்மா கையில இவர் குடுத்தது அடியில்லாத அகப்பை. படகுல இருந்தது அது ஒண்ணுதானாம், ராசிக்குன்னு தொங்கவிட்டது. இவர் நீந்தி வந்துட்டார். அம்மா உடம்பு கிடைச்சுது. கையிலிருந்த அகப்பையப் பிரிக்கவே முடியலை. பொண்ணு கிடைக்கவே இல்லை."

அடியில்லாத ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு தாயை இறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் ஒன்பது வருடமாக இறைத்துக்கொண்டிருக்கிறாள்.

டொக்... டொக்...

திரும்பினேன். உராபே படகில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து புது அகப்பை ஒன்றை எடுத்து அடியைத் தட்டிக்கொண்டிருந்தார். வட்டப் பலகை பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. அகப்பையைப் பழைய இடத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

"பெரியவரே, அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்லைம்மா" என்றார்.

சிவப்பு வாளியை எடுத்தேன். என் பலம் முழுவதையும் சேர்த்துக் கடலில் வீசினேன்.

"நஸுனாவோடது!" என்றார் மசாவோமி.

"கேட்டவங்களுக்குக் குடுக்கிறேன். நீங்க மட்டும்தான் குடுக்கணுமா?"

மறு வருடம், ஆகஸ்ட் பதினேழு காலை. உள்ளூர்ச் செய்தியில் சொன்னார்கள். துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு படகு இரவோடு இரவாக விளிம்பு வரை தண்ணீரால் நிரம்பியிருந்தது. மழை இல்லை. அலை இல்லை. படகில் ஓட்டை இல்லை. உள்ளே உராபே. கையில் அடியில்லாத அகப்பை.

நான் வருத்தப்படவில்லை.

குப்பையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தேன். எங்கள் வீடு நான்காவது மாடி. கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மலையே இருக்கிறது. வாசலில் சிவப்பு வாளி நின்றது. சுத்தமாகக் கழுவியிருந்தது. அடியில் என் கையெழுத்து.

மசாவோமி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். வெயில் என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கம் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஏதாவது ஒன்று, சின்னதாகவாவது, போட்டுத்தான் தருவோம். அவளும் போட்டிருந்தாள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டப் பலகை. இன்னும் ஈரமாக இருந்தது.