தோன் கூக்கோவின் மூக்கு

எங்கள் ஓலோத்தே அசூல் கம்பெனியில் ஏழு சரக்கு ஓடுகிறது. மக்காச்சோள டார்ட்டியா ரொட்டியில் வெள்ளை, மஞ்சள், நீலம் என்று மூன்று, கோதுமை டார்ட்டியா, பொரித்த தொஸ்தாதா வட்டம், முக்கோணச் சில்லு, சோளத்தோலில் பொதிந்து தமால் கொழுக்கட்டை அவிக்கிற மாவு. கோதுமையைத் தவிர மற்ற ஆறும் பிறப்பது பின்கட்டில், சுண்ணாம்புத் தண்ணீரில் சோளம் வெந்து ஊறுகிற நாலு தொட்டிகளில். அந்தத் தொட்டிகளுக்கு இருபத்தாறு வருடமாக எஜமான் ரெஃபூஹியோ சவாலா. எங்கள் ஊர் செலாயாவில் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மரியாதை சேர்த்துத் தோன் கூக்கோ என்று கேட்டால் தெருநாய்கூட வழி காட்டும்.

விடிகாலை நாலு மணிக்கு வந்து மூடியைத் திறந்து ஆவிக்குள் முகத்தை நீட்டுவார். மூன்று மூச்சுதான். "இது சில்லுக்கு. அது தமாலுக்கு. மூணாவது இன்னும் வேகல, அதத் தொட்டா கைய ஒடிப்பேன்." இஞ்சினியர் தெஹேதா, முதலாளியின் மருமகன், சுண்ணாம்பை அளக்க ஒரு கருவி வாங்கி வைத்திருந்தார். கருவிக்கும் மூக்குக்கும் சண்டை வந்தபோதெல்லாம் மூக்குதான் ஜெயித்தது. அந்தக் கடுப்பு இஞ்சினியருக்குத் தீரவே இல்லை.

நான் நியேவெஸ். பாக்கிங்கில் டார்ட்டியாவை முப்பது முப்பதாக அடுக்குகிறவள். கூக்கோவின் சின்ன மகளுக்கு நான்தான் ஞானத்தாய், அதனால் அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. கூடப் பிறந்தவர்களைவிடக் கெட்டியான உறவு எங்களுக்கு அது.

போன மே மாதம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்துவிட்டுத் திரும்பி வந்தவர் என்னோடு ஒரு விளையாட்டு ஆரம்பித்தார்.

"கொமாத்ரே, இங்க வாங்க. முப்பது வரைக்கும் எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கான்னு பாப்போம். இது என்ன வாசம்?"

"மழ பேஞ்ச மண்ணு மாதிரி. நல்லாத்தான் இருக்கு."

"பரவால்லயே. ரெண்டாவது?"

"சுண்ணாம்பு தூக்கலா அடிக்குது. இன்னொரு தடவ கழுவணும்."

"நானும் அதத்தான் நெனச்சேன்."

தினமும் இதே கதை. பாக்கிங் பெண்கள் "நியேவெசுக்கு நாக்குதான் நீளம்னு நெனச்சோம், மூக்குமா?" என்று கேலி செய்தார்கள். எனக்கோ தலைகால் புரியாத பெருமை. மடச்சி, அடி மடச்சி. காய்ச்சல் அந்த மனுஷனின் மூக்கையும் நாக்கையும் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. எட்டு மாதம் அவர் என் மூக்கை வைத்துப் பிழைத்திருக்கிறார், பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை.

ஏன் மறைத்தார் என்று கேட்காதீர்கள். அவர் மனைவி ஒப்தூலியாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தால்தான் அவள் உயிரோடு இருப்பாள். அந்த இன்சூரன்ஸ் கூக்கோவின் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் எட்டு வாரம் பொறுப்பார்கள், அப்புறம் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த எட்டு வாரச் சட்டத்தை அவர் பரலோக மந்திரம் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தார்.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். கான்டீனில் வளைய ரொட்டி வெட்டினார்கள். யார் துண்டில் குழந்தை யேசு பொம்மை வருகிறதோ, பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுவர்த்தித் திருநாளுக்கு அவர்தான் எல்லோருக்கும் தமால் போட வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பெர்னாபே ஒரு வருடம் பொம்மையை விழுங்கிக் காப்பி குடித்துவிட்டான். கூக்கோ அப்படிப்பட்டவர் இல்லை. பொம்மையை உயர்த்திப் பிடித்து, "எனக்குப் புள்ள பொறந்துருக்குடா! நாப்பத்திமூணு பேரும் வெறும் வயித்தோட வாங்க!" என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி எங்கள் தொட்டி மாவையே ஒரு வாளி நிறைய வீட்டுக்கு எடுத்துப்போனார். அன்றைக்கே ஒப்தூலியாவுக்கு மூச்சுத் திணறல். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் வரை வராந்தா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மாவு அடுப்படியில் மூடியபடி கிடந்தது. வீடு திரும்பி முகர்ந்து பார்த்தால் அவருக்கு என்ன தெரியும்? மகள்கள் இரண்டு பேரும் வெளியூர். பன்றிக் கொழுப்பைப் போட்டு அடித்தார், ஒரு உருண்டையைத் தண்ணீர் டம்ளரில் போட்டார். மிதந்தது. எங்கள் ஊரில் உருண்டை மிதந்துவிட்டால் அதற்குமேல் யாரும் மாவைக் கேள்வி கேட்கமாட்டார்கள். ஊசிப்போன மாவு இன்னும் நன்றாக மிதக்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? அன்றைக்கு அவர் மறக்க விரும்பினார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த தெருவில் நான் இருந்தேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்.

பிப்ரவரி இரண்டு மத்தியானம். சோளத்தோலைப் பிரித்ததுமே மேசை அடங்கிப்போனது. ஈரத்துணியை மூட்டை கட்டிவைத்த நாற்றம். ஒரு வாய் வைத்தேன், தாடை கூசியது. பெர்னாபே கண்ணை விரித்து என்னைப் பார்த்தான். மேசைத் தலைமாட்டில் கூக்கோ ஒரு தமாலை முடித்துவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, ஒருத்தருக்கும் பேச்சக் காணோம்? அவ்ளோ ருசியா?"

அந்த நிமிஷம்தான் எட்டு மாதமும் எனக்கு விளங்கியது. மேசைக்கு அடியில் பெர்னாபேயை ஒரு உதை விட்டேன். அவன் புரிந்துகொண்டான், பிழைத்துப் போகட்டும்.

"வாய் நெறைய இருக்கு, எப்படிப் பேசறது தோன் கூக்கோ? இன்னொண்ணு தள்ளுங்க."

அவன் தின்றான். நான் தின்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்து மேசை முழுக்கத் தின்றது. யாரும் துப்பவில்லை. இந்த ஜனங்களோடு இருபது வருடமாகச் சண்டை போடுகிறேன், அன்றைக்கு மாதிரி அவர்கள்மேல் எனக்குப் பாசம் வந்ததே இல்லை.

அப்போது பார்த்து இஞ்சினியர் வந்தார். ஒன்றை எடுத்துப் பிரித்தார், தலையைப் பின்னுக்கு இழுத்தார். எங்களைப் பார்த்தார். மூன்றாவது தமாலைத் தின்றுகொண்டிருந்த கூக்கோவைப் பார்த்தார்.

"தோன் கூக்கோ, நல்லா இருக்கா?"

"உங்க மாமியார் கைப்பக்குவமே தோத்துரும், இஞ்சினியர்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. இஞ்சினியர் கத்தியிருந்தால் நாங்கள் திருப்பிக் கத்தியிருப்போம். அவர் பேசாமல் பின்கட்டுக்குப் போய் இரண்டு கிண்ணத்தில் மாவு கொண்டுவந்தார். ஒன்று அன்றைக்கு அரைத்தது, இன்னொன்று கழிவுத் தொட்டியில் அள்ளியது.

"எது நல்ல மாவு? தொட வேணாம். மோந்து பாத்துச் சொல்லுங்க."

கூக்கோவின் கண் என்னைத் தேடியது. இஞ்சினியர் சரியாக எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றிருந்தார். கூக்கோ இரண்டு கிண்ணத்தையும் நெடுநேரம் முகர்ந்தார், கைதேர்ந்தவர் மாதிரி தலையை ஆட்டினார். பிறகு இடது கிண்ணத்தைக் காட்டினார்.

அது கழிவு.

அந்த வாரமே வேலை போயிற்று. கூட்டிப் பெருக்கவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று இஞ்சினியரிடம் கெஞ்சினேன். "ஒரு நாள் தப்பினா பாதி ஊரு வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கும், நியேவெஸ். எட்டு மாசம் என்னை ஏமாத்தின ஆள எப்படி உள்ள வெக்கிறது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். தொட்டிகளை என்னிடமே ஒப்படைத்தார். வாங்கிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

கூக்கோ சாமான்களை எடுக்க வந்த அன்று முற்றத்தில் மடக்கினேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, கொம்பாத்ரே?"

"சொன்னா பயந்துருப்பீங்க. பயந்த மூக்கு பொய் சொல்லும்."

எட்டு வாரத்தில் ஐந்து வாரம் ஓடியது. அவருக்குத் தெரிந்தது தொட்டி வேலை ஒன்றுதான். செலாயாவில் ஒரு மில் விடாமல் ஏறி இறங்கினார். போன இடத்திலெல்லாம் மூடியைத் திறந்து, சொல்லுங்க பார்ப்போம் என்றார்கள். ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் வந்து நின்றார். சட்டை தோளில் தொங்கியது.

"பக்கத்து ஊரு சலமான்காவுல தோன்யா எதுவீஹெஸ்னு ஒரு அம்மா மில்லு வெச்சுருக்கு. தொட்டிக்கு ஆள் தேடுது. செவ்வாக்கெழம கூட வாங்க. என் பொண்டாட்டின்னு சொல்லிக்கிறேன். ஊசிப்போனது எதுவோ, அதுகிட்ட நிக்கறப்ப காதச் சொறிஞ்சா போதும்."

"ஒப்தூலியாவுக்குத் தெரிஞ்சா?"

"இந்த யோசனையே அவளோடதுதான்."

போனோம். அந்த அம்மா மூன்று வாளிகளை வரிசையாக வைத்தாள். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு புருஷன் பின்னால் நிற்கிற அடக்கமான பெண்டாட்டியாக நின்றேன். இரண்டாவது வாளியில் குப்பென்று அடித்தது. காதைச் சொறிந்தேன். கூக்கோ குனிந்து மூன்று மூச்சு இழுத்தார். பழைய திமிர் முகத்தில் ஏறி உட்கார்ந்தது.

"இது நேத்தே செத்துப்போச்சு. பன்னிக்குப் போடுங்க, அதுகூட மொறைக்கும்."

"இருவத்தாறு வருஷ மூக்குன்னா சும்மாவா!" என்று அந்த அம்மா அங்கேயே காகிதத்தில் கையெழுத்து வாங்கினாள். இன்சூரன்ஸ் எண்ணையும் குறித்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூக்கோ சிரித்தார். சுரண்டி எடுத்தது மாதிரி ஒரு சிரிப்பு. ஒப்தூலியாவுக்குப் போன் போட்டு, "கெடச்சுருச்சு, கெழவி" என்றார். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்குக் கேட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கொமாத்ரே, அங்க எத்தன தொட்டி இருந்துச்சு?"

"அஞ்சு."

"அஞ்சு," என்றார்.

நாளைக் காலை நாலு மணிக்கு அவர் அங்கே முதல் மூடியைத் திறப்பார். அதே நாலு மணிக்கு நான் இங்கே திறப்பேன். அவர் பிடிபடுகிற வரைக்கும் ஒப்தூலியாவுக்கு ஆஸ்பத்திரி உண்டு.