மாப்பிள்ளைக்குச் சுட ஓர் இடம்

துரை பங்களாவில் கழித்துப் போட்ட ஆங்கிலப் பத்திரிகையில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கொல்லைப்புறத்தில் செங்கல் அடுப்புக் கட்டி, மேலே கம்பித் தட்டி போட்டு, நின்றபடியே இறைச்சி சுட்டுத் தின்கிறது. இங்கிலீஷ் பள்ளி முடித்துத் தோட்ட ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்திருந்த எனக்கு அதற்குமேல் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

காரணமும் இருந்தது. கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டப் பள்ளி வாத்தியார் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அக்காவைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து துப்பாக்கி தூக்கிய அவசரகாலம் அல்லவா, ரோட்டில் லாரி எரிந்தது, ஊரடங்கு என்று முன்பே இரண்டு தரம் தட்டிப்போயிருந்தது.

"இந்தத் தடவையும் வரலேன்னா வேற எடம் பாத்துக்கலாம்" என்றுவிட்டார் அப்பா. போட்டோவிலேயே வாத்தியாரைப் பிடித்துப்போன அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ரப்பர் ஷீட் காயவைக்கும் பழைய புகைவீடு ஒன்று இடிந்து கிடந்தது. அங்கிருந்து செங்கல் சுமந்து, சேறு குழைத்து, மூன்று பக்கமும் இடுப்பளவு சுவர் எழுப்பினேன். காற்றுக்கு நடுநடுவே ஓட்டை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "பொண்ணு பாக்க வர்ற நேரத்துல வீட்டுக்குப் பின்னால சுடுகாடாடா கட்டுற?"

"மாடர்ன் அடுப்பும்மா!"

சனிக்கிழமை, கோலா கெத்திலுக்குக் கிளம்பிய லாரிக்கார அண்ணனைத் தோட்டத்துக் கேட்டில் பிடித்து, எஞ்சின் உறுமலுக்கு மேலே கத்தினேன்: "மாப்பிள்ளைக்குன்னே சுடுறதுக்கு எடம் கட்டியிருக்கேன்! வெள்ளன வரச் சொல்லுங்கண்ணே, ஊரடங்குக்கு முன்ன சுட்டு முடிச்சிடலாம்!"

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். கோழி என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை.

மறுநாள் மசாலா தடவிய கோழி தட்டியில் ஏறியது. அக்கா விசிற, ஓட்டைகளிலெல்லாம் புகை. திடீரென்று வாழைமரங்களுக்குப் பின்னாலிருந்து மலாயில் ஓர் அதட்டல்: "அங்காட் தாங்ஙான்!"

கையைத் தூக்கினேன். இடுக்கியும் அதிலிருந்த கோழிக்காலும் சேர்ந்து உயர்ந்தன. எதிரே தோட்டக் காவல் போலீஸ்காரர் இருவர், துப்பாக்கியோடு. அவர்களுக்குப் பின்னால், சைக்கிள் பம்பை ஓங்கியபடி வாத்தியார்!

ஒரு போலீஸ்காரர் சுவரைச் சுற்றி வந்து மோப்பம் பிடித்தார். "கோழிதான்லா, வாத்தியாரே!" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். டவுன் முஸ்லிம் கடையில் அறுத்து வாங்கியதுதானா என்று கேட்டுக்கொண்டு, இருவரும் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

வாத்தியார் பம்பைத் தாழ்த்தினார். "பொண்ணோட தம்பி என்னையச் சுட எடம் கட்டிட்டாருன்னு லாரிக்காரரு வந்து சொன்னாரு. வீட்டுல யாரும் வரமாட்டேன்னுட்டாங்க. காட்டுக்காரங்க உங்க வீட்டப் புடிச்சுக்கிட்டு, தம்பியை மெரட்டிச் சொல்ல வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அதான் தோட்டத்துக் கேட்டுல சொல்லி, இவங்களைக் கூட்டியாந்தேன்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெரியவங்க இல்லாம என்னத்தப் பேசுறது?"

அக்காதான் விசிறியைக் கீழே போட்டாள்.

"சுடுவாங்கன்னு நெனச்சும் சைக்கிள் பம்போட வந்து நிக்கிறாருப்பா. இன்னும் யாரு வரணும்?"

அப்பா வாத்தியார் கையிலிருந்த பம்பை வாங்கிச் சுவரில் சாத்தினார். பிறகு, "மாப்பிள்ளைக்கு எலயப் போடு" என்றார்.

போட்டோம். அதற்குள் நல்ல துண்டுகளெல்லாம் போலீஸ்காரர்கள் வயிற்றுக்குள் போயிருந்தன. மாப்பிள்ளைக்குக் கிடைத்தது கழுத்து.