ஒத்தைக் கையில அடிக்கிற பேரு

வலது கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடிச்சிருக்கு. இடது கை மட்டும் கீபோர்டு மேல ஓடுது. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா லிஃப்ட் மெக்கானிக் அண்ணன் இப்படித்தான். கையில ஏதோ அடின்னு நினைச்சுக் கேட்டேன். "லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பாக்கறவன் தம்பி. ஒரு கை எப்பவும் கம்பியைப் பிடிச்சிருக்கணும். விட்டா ஆளே இல்ல. இங்க உக்காந்தா மட்டும் பழக்கம் போயிடுமா?"

அண்ணனோட அந்த மெஷின் என்னைவிட வயசுல மூத்தது. கீபோர்டுக்குள்ளயே மொத்த கம்ப்யூட்டரும் இருக்கு, படம் வர பழைய டிவியில செருகணும். இடது பக்க எழுத்தெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. வலது பக்கம் நேத்து வாங்கின மாதிரி இருக்கு.

இதுக்குன்னே அண்ணன் ஒரு ஷெல் எழுதியிருக்கார். ஷெல்னா வேற ஒண்ணுமில்ல, நாம டைப் பண்ற கட்டளையை வாங்கி மெஷினை வேலை செய்ய வைக்கிற புரோகிராம். கட்டளை எல்லாமே இடது பக்க எழுத்துலதான்! பாத்தப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆனா அதை ஓட்டின ஒரே ஆள் அவர்தான். "எழுதினவனே ஓட்டிக்கிட்டு இருந்தா அது புரோகிராமா தம்பி? தனியா பேசிக்கறது."

எங்க பழைய கம்ப்யூட்டர் கிளப், உறுப்பினருங்க எழுதின புரோகிராமைச் சேத்து வருஷத்துக்கு ஒரு டிஸ்க் போடும், எல்லா உறுப்பினருக்கும் ஒரு காப்பி. அதுல ஒரே ஒரு ஷெல்லுக்குத்தான் இடம். பேர் இல்லாததைச் சேக்க மாட்டாங்க. கிளப்புல இருக்கற கண்ணாடிக்கடைக்காரர் தன்னோட ஷெல்லுக்கு 'புலி'ன்னு பேர் வச்சு ரெடியா இருந்தார். அண்ணனோடது இன்னும் பேரில்லாமக் கிடந்தது.

டிஸ்க்குக்குக் கொடுக்கக் கடைசி நாள், ஜெராக்ஸ் கடை மாடியில கிளப்பே கூடிடுச்சு, அண்ணனும் மெஷினோட வந்திருந்தார். ஆளாளுக்குப் பேர் சொன்னாங்க. மின்னல், கில்லி, ஜோக்கர். பேரை அடிச்சாத்தான் ஷெல் ஓட ஆரம்பிக்கும்; அதனால ஒவ்வொண்ணையும் அண்ணன் இடது கையால அடிச்சுப் பாத்தார். கை வலது பக்கம் தாண்டின உடனே, "ம்ஹூம், வேணாம்."

"உங்களுக்குக் கீபோர்டைப் பாதியா வெட்டித்தான் தரணும்," செயலாளர் சலிச்சுக்கிட்டார். "ஆறு மணிக்கு டிஸ்க்கை மூடறேன். அப்புறம் புலிதான்."

"மூடுங்க சார், அதுக்குள்ள வந்துடும்." அண்ணன் அசந்தாரா? கிடையவே கிடையாது. நான்தான் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்.

அவரைக் கூட்டிட்டுப் போக வந்த அண்ணி கதவுல சாஞ்சு நின்னாங்க. "பொண்ணுக்குப் பேர் வைக்க அரை நாள்கூட ஆகல. இதுக்கு ஆறு மாசமா?"

"பொண்ணைக் கூப்பிட வாய் போதும். இதைக் கையால அடிச்சுத்தானே கூப்பிடணும்!"

சொல்லிட்டு மெஷினை மறுபடி ஆன் பண்ணார். அது தூங்கி வழிஞ்சுது. டிவியை ரெண்டு தட்டு தட்டி, "வாடா... வாடா ராஜா," ன்னார்.

"வீட்லயும் இதே கொஞ்சல்தான்," அண்ணி சிரிச்சாங்க. "அதையே வச்சுத் தொலைங்களேன்."

அண்ணன் கை அந்தரத்துல நின்னுச்சு. அப்புறம் இங்கிலீஷ் எழுத்துல ஒவ்வொண்ணா அடிச்சார். வி, ஏ, ஏ, டி, ஏ. கை இடது பக்கத்தை விட்டு நகரவே இல்ல! நான் கத்தியே விட்டேன்.

செயலாளர் முகம் கோணுச்சு. "பெரியவங்க வர்ற கிளப்புங்க. 'வாடா'வா?"

"மெஷினைத்தானே கூப்பிடறோம் சார். அது கோச்சுக்காது."

"சரி, எழுதினவர் ஓட்டினா செல்லாது. வேற ஒருத்தர் ஓட்டிக் காட்டட்டும்."

யாரும் எதிர்பாக்கல, கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து வந்தார். அண்ணன் நாற்காலியைத் துடைச்சு விட்டுட்டு விலகினார். கடைக்காரர் உக்காந்து 'வாடா' அடிச்சார், ஷெல் டக்குன்னு வந்து நின்னுச்சு. சரியற கண்ணாடியை ஒரு கையால ஏத்திக்கிட்டே இன்னொரு கையால ஒரு கட்டளை, அப்புறம் இன்னொண்ணு. திடீர்னு தன் கையையே குனிஞ்சு பாத்தார். "என் புலிக்கு ரெண்டு கையும் வேணும்ப்பா," ன்னார். "இதையே போடுங்க."

எல்லாரும் கைதட்டித் திரும்பினா அண்ணனைக் காணோம். அவர் டிவிக்குப் பின்னாடி ஒயருக்கு நடுவுல நின்னுக்கிட்டிருந்தார். அங்கேர்ந்து திரை தெரியாது. இன்னும் ஷெல்லை ஓட்டிக்கிட்டே இருந்த கண்ணாடிக்கடைக்காரர் முகத்தை மட்டும், கண் கொட்டாமப் பாத்துக்கிட்டிருந்தார்.