பெயர் போடும்போது வந்தவள்

அந்தப் படம் நல்ல படம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கதை சுமார், பாட்டு அதைவிடச் சுமார். எங்கள் ஜவ்வாது மலையில் எடுத்தார்கள் என்பதற்காக ஆலங்காயம் சினிமாக் கொட்டாய்க்குப் போன ஊர்க்காரர்களே பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனார்களாம். ஆனால் என் கடையில் இல்லாத படங்களில் நான் அலைந்து தேடியது அது ஒன்றைத்தான். இன்றுவரை அதற்கு ஒழுங்கான கேசட் வந்ததில்லை. பின்னால் டிவிடி என்று என்னென்னவோ வந்தன, அதிலும் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஆலங்காயத்தில் நான் வீடியோ கடை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு சவுதியில் வேலை. முதல் லீவில் வரும்போது கேசட் போட்டுப் பார்க்கிற ஒரு டெக்கும் கலர் டிவியும் கொண்டுவந்தார். அவர் திரும்பிப் போனதும் அவை சும்மா கிடப்பானேன் என்று தெருப்பக்க அறையில் கேசட் அடுக்கிவிட்டேன். சினிமாவே பாவம் என்று எங்கள் சர்ச்சில் பிரசங்கம் நடக்கும். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் சாப்பிட்டுவிட்டு நேரே என் கடைக்கு வந்து, புதுசா என்ன வந்திருக்கிறது என்பார்கள். நானும் எடுத்துக் கொடுப்பேன்.

ஒரு சந்தை நாளில் மலைக்காரர் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். புளி விற்றுவிட்டு வந்த காலி மூட்டை தோளில் கிடந்தது.

"எங்க ஊரு படம் இருக்குதுங்களாம்மா?"

"படத்துக்குப் பேரு இல்லியா? உங்க ஊரு படம்னா நான் இன்னாத்த எடுக்கிறது?" என்றேன். எனக்கு அன்று கூட்டம் அதிகம்.

"பேரு தெரியாதுங்க. மலை மேல வந்து எடுத்தாங்க. எங்க வூட்டுக்காரி அதுல வர்றா."

கூட்டம் குறைந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லி விவரம் கேட்டேன். சாமை அறுப்பு சமயத்தில் படக்காரர்கள் வந்தார்களாம். களத்தில் புடைத்துக்கொண்டிருந்த பெண்களிடம், கேமராவைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்களாம். அதில் ஒருத்தி இவர் மனைவி. படம் வந்தபோது இரண்டு பேரும் மலையிறங்கி வந்து பார்த்திருக்கிறார்கள்.

"அப்பறம் இன்னாங்க, பாத்தாச்சு இல்ல?"

"எங்க பாத்தேன். அவ வர்றப்ப, ஐயே நானுன்னு என் கையக் கிள்ளிட்டா. நான் திரும்பி அவ மொகத்தப் பாத்து சிரிச்சேன். திரும்பறதுக்குள்ள போய்ட்டுது."

"இன்னொரு தபா போறதுதான?"

"மறுநாளே படத்தத் தூக்கிட்டாங்க."

அதன் பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தை நடை பழகும்போது அந்த அம்மாவுக்கு நெஞ்சு நோய் வந்து, இளைத்து இளைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். போட்டோ ஒன்றுகூட எடுத்ததில்லை.

"அவ நல்லா குண்டா இருப்பா. இப்ப கண்ண மூடுனா கடைசில பாயில கெடந்த மொகந்தான் வருது, எலும்பும் தோலுமா. நல்லா இருந்த மொகம் வரவே மாட்டேங்குது. அத ஒரு தபா பாத்துட்டா போதுங்க."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இரக்கம் வந்தாலோ அதற்கும் எரிச்சல்தான் வரும். "தேடறேன். சும்மா வந்து நச்சரிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் நச்சரிக்கவில்லை. சந்தைக்கு வரும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் நின்று என்னைப் பார்ப்பார். நான் இல்லையென்று தலையாட்டினால் போய்விடுவார். அதற்கு நச்சரித்திருந்தாலே பரவாயில்லை.

வாணியம்பாடியில் கேட்டேன், வேலூரில் கேட்டேன். மெட்ராசிலிருந்து கேசட் கொண்டுவருகிறவரிடம் சொன்னபோது, "அதப் போட்டா யாருமா வாங்குவா?" என்று சிரித்தார். படத்தின் நெகட்டிவ் வட்டிக்குக் கொடுத்தவரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார் ஒருவர். மழையில் ஊறிப் போய்விட்டது என்றார் இன்னொருவர். ஓடிய படமென்றால் திரும்பத் திரும்பக் கேசட் போடுவார்கள். ஓடாத படத்துக்கு நாதியில்லை. கடைசியில் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக ஒரு கேசட் போட்டதாகத் தெரிந்தது. சவுதிக்கு எழுதினேன். அடுத்த லீவில் வந்த என் வீட்டுக்காரர், "பொண்டாட்டி தங்கம் கேப்பான்னு பாத்தா, ஓடாத படத்தக் கேக்குறா" என்று கேலி செய்தபடி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

போட்டுப் பார்த்தேன். காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட். சிவப்பெல்லாம் கசிந்து ஓடியது, கீழே ஏதோ கடை விளம்பரம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் பெயர் போடும்போதே களமும் புடைக்கிற பெண்களும் வந்துவிட்டார்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். மலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் முற்பகலிலேயே, வெளுத்த வேட்டி கட்டி, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் போகிற வயது, ஒல்லிக்குச்சி. உட்காருவதற்கு முன்பே என்னிடம், "எங்கம்மா நல்லா குண்டு. ரெண்டு கையாலயும் இடுப்பக் கட்ட முடியாதாம்" என்றாள்.

கேசட்டைப் போட்டேன். கதாநாயகன் மலைப்பாதையில் நடந்து வந்தான், பெயர்கள் வந்தன, களம் வந்தது. "மூணாவதா நிக்கிறா" என்றார் அவர். நெட்டையாக, வற்றிய கன்னமும் ஒடுங்கிய தோளுமாக ஒருத்தி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு காட்சி மாறிவிட்டது.

"இன்னொரு தபா போடுங்க."

பின்னால் ஓட்டிப் போட்டேன். நிறுத்திக் காட்டலாம் என்றால் முகத்தின் மேல் வெள்ளைக் கோடு விழுந்து ஆடியது. மறுபடியும் ஓடவிட்டேன்.

"இது கடைசி மாசத்து மொகம்ங்க" என்றார்.

"குண்டுன்னு சொன்னியேப்பா" என்றாள் மகள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சினிமாஸ்கோப் படம் அகலம், டிவி பெட்டி கிட்டத்தட்டச் சதுரம். பெயர் போடும்போது எழுத்து வெட்டுப்படக் கூடாது என்று, இரண்டு பக்கமும் நெருக்கி முழுசாக அடைத்துவிடுவார்கள். அதில் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். பெயர் முடிந்ததும் நெருக்குவதை விட்டுவிட்டு, பக்கங்களை வெட்டிவிடுவார்கள். நாங்கள் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள், கண்ணில் படாது. அந்தக் கேசட் போட்டவன் எதிரில் இருந்திருந்தால் அன்று என் வாயில் விழுந்து எழுந்திருப்பான்.

"இங்க பாரு கண்ணு" என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "இது மிஷின் பண்ற வேல. அந்த ஆளப் பாரு, எப்டி ஒல்லியா இருக்காரு? பேரு முடியட்டும், பாரு."

இயக்குநர் பெயர் மறைந்தது. நடந்து வந்துகொண்டிருந்த கதாநாயகன் நடையிலேயே அகலமானான். தொப்பை வந்தது, கன்னம் வந்தது. அவள் கைகொட்டிச் சிரித்தாள். அவரும் லேசாகச் சிரித்தார். விஷயத்தை முடித்துவிட்டேன் என்று நான் எழுந்தேன்.

"அப்போ இனிமே எங்கம்மா வந்தா குண்டா வரும், இல்ல?" என்றாள்.

அவள் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் வருகிற காட்சி எல்லாவற்றிலும் முன்னால் நகர்ந்து போய்ப் பார்த்தாள். கேசட் கேட்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். நான் பார்த்த படங்களில் அவ்வளவு நீளமான படம் வேறு இல்லை. எல்லோரும் கல்யாணம் செய்துகொண்டு, முடிந்தும் போனது.

"அம்மா அப்பறம் வரவே இல்லியே."

"அது அவ்ளோதாம்மா வரும்" என்றார் அவர்.

போகும்போது, "நல்ல கேசட்டா வந்தா சொல்லி அனுப்புங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார். அனுப்புகிறேன் என்றேன். யாரும் போடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

பஸ் நிற்கும் இடம் கடைக்கு எதிரில்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் அவர் வேட்டியை இழுத்தாள். அவர் பார்த்ததும், வாய் நிறையக் காற்றை அடைத்து இரண்டு கன்னத்தையும் உப்பிக் காட்டினாள்.

அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம்" என்றார்.